வீசம் ஏக்கர் நிலமும் துரை வீட்டுப் புல்தரையும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வெப்ப நாட்டில் வீட்டுத் தோட்டம்' என்று தலைப்பைச் சொன்னதும், எந்த உரம் நல்லது, எத்தனை நாளுக்கு ஒருமுறை புல் வெட்ட வேண்டும் என்று நான் பேசப் போகிறேன் என நினைத்திருப்பீர்கள். அதையும் கடைசியில் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம் வீட்டு வாசலில் கிடக்கும் புல்தரை யாருடைய ஆசை? நம்முடையதா, அல்லது யாரிடமிருந்தோ நாம் வாங்கி வந்ததா?

செரம்பானில் லோபாக் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய் மொழியில் லோபாக் என்றால் முள்ளங்கி. வீட்டுத் தோட்டம் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான பெயர் கொண்ட ஊர் கிடைக்குமா, என்ன? அங்குள்ள தாமான்களில் ஒரு மாலை நேரம் நடந்து பாருங்கள். ஒரு வீட்டின் முன்னால் ஒட்ட வெட்டிய புல். பக்கத்து வீட்டில் கதவிலிருந்து சாக்கடை வரை சிமெண்டு. காரும் செருப்புகளும் தவிர ஒன்றுமில்லை. மூன்றாவது வீட்டில் பழைய பெயிண்ட் டின்னில் கருவேப்பிலை, வேலியோரம் முருங்கை, சாமி மேடைக்குப் பக்கத்தில் துளசி, கம்பியில் படர்ந்த பாகற்கொடி. இந்த மூன்றாவது வீட்டுக்குள் போய் விசாரித்தால் லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள். பெரும்பாலும் என் கணக்கு தப்பாது.

இந்த மூன்று வாசல்களுக்கும் பின்னால் ஒரே வரலாறு இருக்கிறது. அது நம் தோட்டப்புற வரலாறு.

ஒரு புல்லும் இருக்கக் கூடாது

1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அடுத்த ஆண்டு, 1877-ல், 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து இறங்கின. 1888-ல் அந்தத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, பார்க்கிறவர்களிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லி வற்புறுத்தி 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் வாங்கினார். நம் பாட்டன் பூட்டன்மார் 'கித்தா' என்றும் 'பால்மரம்' என்றும் அழைத்த மரம், புல்தரை வளர்த்து அழகு பார்த்த ஒரு பூங்காவின் வழியாகத்தான் இந்த மண்ணுக்கு வந்தது.

நெகிரி செம்பிலானில், அன்று சுங்கை ஊஜோங் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில், ரப்பருக்கு முன்பு காப்பி இருந்தது. காப்பி பயிரிட்ட துரைமார் பலர் இலங்கையில் பழகியவர்கள். அங்கிருந்து அவர்கள் கொண்டு வந்த பழக்கங்களில் ஒன்று, நிரைகளுக்கு இடையில் ஒரு புல்கூட இல்லாமல் மண்ணை வெறுமையாக வைத்திருப்பது. ரப்பர் வந்த பிறகும் அதே பழக்கம் தொடர்ந்தது. மரத்துக்குப் போக வேண்டிய சத்தைப் புல் தின்றுவிடும் என்பது அவர்கள் வாதம். ஆனால் வேறு ஒன்றும் அதில் கலந்திருந்தது. சுத்தமான தோட்டம் என்றால் நல்ல துரை. புல் மண்டிய தோட்டம் என்றால் சோம்பேறித் துரை. சோதனைக்கு வருகிற பெரிய துரையின் கண்ணுக்கு முதலில் படுவது தரைதானே!

அந்தத் தரையைச் சுரண்டிச் சுரண்டி வெறுமையாக்கியவை யாருடைய கைகள்? விடியற்காலைப் பெரட்டில் நின்று, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்காட்டு வேலைக்குப் போன நம் பெண்களின் கைகளும் அவற்றில் உண்டு. சீனர்களும் ஜாவாக்காரர்களும் புல்வெட்டுக் குத்தகை எடுத்துச் செய்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் மாதாமாதம் திரும்பத் திரும்ப வரும் புல்வெட்டு வேலையில் தமிழ்ப் பெண்கள் கழித்த காலம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த மழை நாட்டில் மண்ணை வெறுமையாக வைத்தால் என்ன ஆகும்? செரம்பான் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதே மாநிலத்தின் ஜெலுபு மாவட்டத்திலுள்ள குவாலா கிளாவாங்தான் தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த இடம் என்பார்கள். அங்கே பெய்கிற மழையே தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் பெய்வதைவிட அதிகம். அவ்வளவு மழையும் மேட்டு நிலத்தில் மூடாத மண் மேல் விழுந்தால், மேல்மண் அப்படியே கரைந்து ஆற்றுக்குப் போகும். போயிற்று. ஆறுகள் மண் மேடிட்டன. மரங்களின் வேர் வெளியே தெரிந்தது.

அதே காலத்தில் பக்கத்தில் மலாய்க்காரர்களும் சீனர்களும் வைத்திருந்த சிறு தோட்டங்களில் செடியும் கொடியும் மண்டிக் கிடந்தன. 'அழுக்குத் தோட்டம்' என்று துரைமார் ஏளனம் செய்தார்கள். ஆனால் மண் அங்கே தங்கியது. 1920-களிலிருந்து பெரிய தோட்டங்களும் தங்கள் வழக்கத்தை மாற்றத் தொடங்கின. நிரைகளுக்கு நடுவே பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலபோகோனியம் போன்ற அவரைக் குடும்பத்துக் கொடிகளை விதைத்தார்கள். இவை மண்ணை மூடி மழையின் அடியைத் தாங்கும். வேர் முடிச்சுகளில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாகக் கொடுக்கும். லாலாங் புல்லை எழ விடாது. 1920-களின் நடுவில் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், தானாக முளைக்கும் கீழ்ச்செடிகளை அழிக்காமல் அடக்கிப் பயன்படுத்துவது எப்படி என்று 1930-களில் நடவுக் கையேடே போட்டது.

ஆக, துரைமார் தங்கள் தவற்றைத் திருத்திக்கொண்டார்கள். ஆனால் வெறும் தரைதான் சுத்தம் என்ற எண்ணம் லயத்து வாசலிலும் குடியேறிவிட்டது. அங்கிருந்து தாமான் வீட்டுக்கும் வந்துவிட்டது. நம்மில் பலருக்கு இன்றும் வாசலில் ஒரு புல் முளைத்தால் மனம் பொறுப்பதில்லை. ஊரில் சாணம் தெளித்துக் கோலம் போட்ட வாசலின் நினைவும் அதில் கலந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாசல் வேறு, கொல்லை வேறு என்ற வேறுபாடு நம் கிராமத்தில் இருந்தது. வீட்டைச் சுற்றி எங்குமே ஒன்றும் முளைக்கக் கூடாது என்பது தோட்டத்தில் படித்த பாடம்.

பங்களா புல்

நிரையில் புல் ஆகாது என்று சொன்ன அதே துரை, தன் பங்களாவைச் சுற்றிப் புல் வளர்த்தார். அதற்கென்று தோட்டக்காரர் இருந்தார். பெரும்பாலும் நம்மவர்தான்.

இங்கிலாந்தில் 1830-ல் எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக வெட்டும் இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. அதுவரை பிரபுக்களின் மாளிகைக்கு மட்டும் இருந்த புல்தரை நடுத்தர வீடுகளுக்கும் வந்தது. டென்னிஸ், கிரிக்கெட் எல்லாம் அதன் மேல் வளர்ந்தன. ஆங்கிலேயர் போன இடமெல்லாம் புல்தரையும் போனது. செரம்பானில் பாடாங்கும் சுங்கை ஊஜோங் கிளப்பும் ஏரிப் பூங்காவும் அந்த ஆசையின் அடையாளங்கள்.

ஆனால் இங்கிலாந்துப் புல் இங்கே பிழைக்காது. குளிர் நாட்டுப் புல் நம் வெயிலில் வாடும். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து அழுகும். ஆகவே இங்கே புல்தரை என்று நாம் பார்ப்பதெல்லாம் வேறு இனங்கள். இன்று தாமான் வீடுகளில் மிகப் பரவலாக இருக்கும் அகன்ற இலைப் புல், மாட்டுப்புல் என்று நாம் சொல்வது, வெப்பமண்டல அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது. ஊசி போல நுண்ணிய இலையுள்ளது பிலிப்பைன்ஸ் புல். கோல்ஃப் திடல்களில் மணியான விலை கொடுத்து வளர்க்கும் பெர்முடா புல் இருக்கிறதே, அது வேறொன்றுமில்லை. பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லும் அதன் கலப்பின வாரிசுகளும்தான். பிள்ளையார் சதுர்த்திக்குக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். சாக்கடை ஓரத்தில் முளைத்தால் மருந்து அடிக்கிறோம்!

பங்களா புல் வெறும் அழகுக்கு மட்டும் இருக்கவில்லை. யார் எதுவரை வரலாம் என்பதற்கு அது எல்லைக்கோடு. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது. சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருந்த மனிதர், அந்தப் பங்களாவின் புல்லை எந்த மனநிலையில் பார்த்திருப்பார்? வெறுப்போடு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய பேரன் கடன் வாங்கி வீடு வாங்கியதும் முதல் வேலையாகச் சுருட்டிய புல் பாய் வாங்கி விரித்தானே, அதில் அந்தப் பார்வையின் மிச்சம் இருக்கிறது.

சட்டம் தந்த வீசம்

இப்போது லயத்துப் பக்கம் வருவோம். இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. 1923-ஆம் ஆண்டின் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும் என்றது. பதினாறில் ஒரு பங்கை நம் முன்னோர் 'வீசம்' என்பார்கள், 'மாகாணி' என்றும் சொல்வார்கள். வீசம் ஏக்கர் என்றால் ஏறக்குறைய 2,720 சதுர அடி.

அது பெரிய நிலமா? ஒப்பிட்டுப் பாருங்கள். இன்று 20 அடிக்கு 70 அடி என்று கட்டப்படும் வரிசை வீட்டின் மொத்த மனையே 1,400 சதுர அடி. மலிவு விலை அடுக்குமாடி வீடு 650 சதுர அடி. லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் காய்கறிக்கென்று சட்டம் சொன்ன நிலத்தில் இன்றைய மலிவு வீடு நான்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

வெள்ளைக்கார அரசு கருணையால் இதைக் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம். சம்பளம் குறைவு. அரிசி வெளியிலிருந்து வர வேண்டும். முதல் உலகப் போரை ஒட்டி 1918-லிருந்து வந்த அரிசித் தட்டுப்பாடு நிர்வாகங்களை நன்றாகவே பயமுறுத்தியிருந்தது. தொழிலாளி தன் கீரையைத் தானே பயிரிட்டால் சம்பளத்தைக் கூட்ட வேண்டியதில்லை. சட்டத்தில் எழுதியது எல்லாத் தோட்டங்களிலும் நிலத்தில் இருக்கவுமில்லை. இருந்தாலும் நம்மவர்கள் கிடைத்த இடத்தை விடவில்லை. லயத்துப் பின்னால், கோயிலுக்குப் போகும் வழியில், ஆற்றோரத்தில், எங்கெல்லாம் மண் தெரிந்ததோ அங்கெல்லாம் வெண்டை, கத்தரி, அவரை, பூசணி, பசலை, அகத்தி, மரவள்ளி. மாடும் ஆடும் கோழியும் தனி. பால் வெட்டி வந்து எடை போட்டுவிட்டு மதியத்துக்கு மேல் கொல்லையில் இறங்கி வேலை செய்த தலைமுறை அது. பசுஞ்சாணமும் சாம்பலும்தான் உரம். இந்த மண் புளிப்பு மண். அடுப்புச் சாம்பல் அந்தப் புளிப்பைக் குறைத்தது. எந்தப் புத்தகத்தையும் படித்து அவர்கள் அதைச் செய்யவில்லை.

லயத்தைச் சுற்றி வெட்டித் துப்புரவாக வைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலேரியா. 1901-லிருந்து கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன், தாழ்ந்த சதுப்பு நிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் குறைகிறது என்று காட்டினார். ஆனால் மேட்டுப் பகுதிகளில் நேர்மாறாக நடந்தது. அங்கே மலேரியாவைப் பரப்பும் கொசு, வெயில் படும் தெளிந்த நீரோடையில் முட்டையிடும் இனம். காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டதும் அதற்குக் கொண்டாட்டம். சுத்தம் செய்யச் செய்யக் காய்ச்சல் கூடியது! நெகிரி செம்பிலான் போன்ற மேடும் பள்ளமுமான நிலத்தில் ரப்பர் நட்ட முதல் தலைமுறை இதற்குக் கொடுத்த விலை உயிர்கள். பிறகுதான் மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடையை மறைப்பதும், சாக்கடையில் எண்ணெய் தெளிப்பதும் வந்தன.

கிழங்குக் காலம்

1942 ஜனவரியில் ஜப்பானியர் செரம்பானுக்கு வந்தார்கள். மலாயாவுக்குத் தேவையான அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுவரை வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி நின்றது. ரப்பர் வாங்க ஆளில்லை, வேலையில்லை, சம்பளமில்லை. ஆண்கள் பலரைச் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஆயிரமாயிரம்.

லயத்தில் மிஞ்சிய பெண்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றியது எது? மரவள்ளிக்கிழங்கு. அந்தத் தலைமுறையினர் 'ஜப்பான் காலம்' என்று சொன்ன அடுத்த மூச்சில் 'கிழங்கு' என்பார்கள். விளையாட்டுத் திடல்களும் பங்களாப் புல்தரைகளும் கொத்தப்பட்டு அங்கேயும் கிழங்கு நடப்பட்டது. துரைகள் சிறையில் இருக்க, அவர்கள் ஆசையாய் வளர்த்த புல்லைப் புரட்டிப் போட்டு உணவுப் பயிர் வைத்த காட்சியை எண்ணிப் பாருங்கள். மூன்றரை ஆண்டுகள். கொல்லை வைத்துப் பழகிய கை உள்ள குடும்பம் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. பழகாதவர்கள் பாடு திண்டாட்டம்.

போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948-ல் அவசரகாலம். 1950-ல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாது என்பதற்காகச் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாக்கி முள்வேலி போட்டார்கள். வேலிக்கு வெளியே அரிசி கொண்டுபோனால் குற்றம். காட்டோரத்தில் தள்ளி இருந்த கொல்லைகள் கைவிடப்பட்டன. வீசம் ஏக்கரின் பாதி அன்றே போயிற்று என்பேன்.

மருந்து

லாலாங் புல்லை ஒழிக்கத் தோட்டங்களில் நெடுங்காலம் பயன்பட்டது சோடியம் ஆர்சனைட். பாஷாணத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தடித்த புல்லை மேய்ந்த மாடு பிழைக்காது. 1960-களில் பாராகுவாட் வந்தது, பிறகு கிளைபோசேட். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது மண்வெட்டி போய் முதுகில் மருந்துத் தொட்டி ஏறியது. அதையும் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

பாராகுவாட் உடலுக்குள் போனால் அதற்கு மாற்று மருந்து இல்லை. தோட்டப்புறத்தில் எத்தனை குடும்பங்களில் அது துயரத்தில் முடிந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனாகானிதா அமைப்பு, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பொன்றோடு சேர்ந்து, மருந்து தெளிக்கும் தோட்டப் பெண்களின் உடல்நிலை குறித்த ஆய்வை 2002-ல் வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. 2006-ல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. இடையில் பதினெட்டு ஆண்டுகள்.

இந்தக் கதை ஏன் வீட்டுத் தோட்டப் பேச்சில் வருகிறது என்று கேட்பீர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது நாம் கொண்டு வந்த பழக்கங்களில் 'புல்லா, மருந்தடி' என்பதும் ஒன்று. சாக்கடை ஓரத்தில், வேலிக்கடியில், பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் மாதம் ஒருமுறை தெளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளைபோசேட் அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-ல் வகைப்படுத்தியது. பல நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதை ஏற்கவில்லை, வாதம் தொடர்கிறது. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். மருந்து வேலை செய்வதே நின்றுபோகும் என்பதற்கு நம் நாடே சாட்சி. கிளைபோசேட்டுக்குச் சாகாத சம்பாவ் புல், 1997-ல் பேராக் தெலுக் இந்தானில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தப் புல் இனத்தில் உலகிலேயே முதல் பதிவு அதுதான். இந்தப் புல் நம் கேழ்வரகுக்கு நெருங்கிய சொந்தம். கேழ்வரகின் பிடிவாதம் நம் பாட்டிமாருக்குத் தெரியும்.

வாசல் சுருங்கிய கதை

1970-களில் துன் அப்துல் ரசாக் காலத்தில் 'பசுமைப் புத்தகம்' திட்டம் வந்தது. வீட்டைச் சுற்றிக் காய்கறி போடுங்கள் என்றார்கள். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அது புதுச் செய்தியல்ல. ஆனால் அதற்கு முன்பே தோட்டத் துண்டாடல் தொடங்கியிருந்தது. 1980, 1990-களில் செரம்பானைச் சுற்றித் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நீலாய் வளர்ந்தது, 1998-ல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது, நில விலை ஏறியது. கிர்பி, லின்சம், கொம்போக் என்ற தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகையில் வாழ்கின்றன.

தோட்டம் விற்கப்பட்டபோது வீடு கேட்டோம். கேட்டே ஆக வேண்டும். கோயிலுக்கும் பள்ளிக்கும் இடம் கேட்டோம். கொல்லையை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இழப்பீட்டுக் கணக்கில் முருங்கை மரத்துக்கு என்ன விலை போடுவது? மாட்டை விற்றுவிட்டு மூன்றாவது மாடிக்கு ஏறிய பெரியவர்கள் சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது, திடீரென்று விதையும் தொட்டியும் தேடி அலைந்தோம். செடி வைக்கத் தெரிந்த பாட்டியிடம் கேட்கப் பலருக்குப் பாட்டி இல்லை.

இனி, நான் சொன்னபடி, செய்ய வேண்டியவை. மாட்டுப்புல் வைத்திருக்கிறவர்கள் இரண்டு அங்குல உயரத்துக்குக் கீழே வெட்டாதீர்கள். ஒட்டச் சிரைத்தால் வெயில் மண்ணைச் சுடும், அந்த இடைவெளியில் சம்பாவ் புல்லும் தொட்டாற்சிணுங்கியும் நுழையும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். வெட்டிய துணுக்கைப் பையில் கட்டி எறியாமல் அங்கேயே விடுங்கள். ஓரிரு வாரத்தில் மக்கி உரமாகும். தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சணம் வரும். கார் ஏறி இறங்கி மண் இறுகிய இடத்தில் இரும்புக் கம்பியால் குத்தித் துளை போட்டு மணல் தூவினால் நீர் இறங்கும்.

மரநிழலில் எந்தப் புல்லும் சரியாக வராத இடம் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். அங்கே மல்லுக்கட்டாதீர்கள். கொல்லைப் பயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு வெயில் வேண்டும்; நிழலைத் தாங்குபவை சிலவே. பண்டான், வல்லாரை வைக்கலாம். வெயில் படும் சரிவில் மஞ்சள் பூ பூக்கும் பிண்டோ கடலையைப் படரவிடலாம். பிரேசில் நாட்டுச் செடி, அவரைக் குடும்பம், வெட்டும் வேலை மிகக் குறைவு. நெடுஞ்சாலை ஓரங்களில் பார்த்திருப்பீர்கள். 1930-களில் ரப்பர் நிரைகளில் கொடி விதைத்த அதே காரணத்துக்காகத்தான் அங்கேயும் அதை நட்டிருக்கிறார்கள்.

அரங்கில் இருந்த அம்மா ஒருவர், அடுக்குமாடியில் முருங்கை வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம், அம்மா. வெயில் படும் தாழ்வாரமாக இருக்க வேண்டும். குறைந்தது பதினெட்டு அங்குல ஆழமுள்ள தொட்டி, அடியில் நாலைந்து துளை, மண்ணில் பாதிக்குப் பாதி மணலும் மக்கிய குப்பையும். போத்து நடாமல் விதை போடுங்கள். மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் கிளைத்துக் கீரை கொடுக்கும்; காய் எதிர்பார்க்க வேண்டாம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். அதில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதாரத் துறை அதிகாரி வந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதச் சீட்டு உங்கள் பெயருக்குத்தான் வரும்.